ஜூன் 1-இல் பிறந்தவர்கள்

என் அண்ணன் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் படிக்கும் இரண்டு தோழிகளோடு 'ஏ' சான்றிதழ் பெற்ற ஒரு படத்துக்குப் போயிருந்தாள். வாசலில் டிக்கெட் பார்த்தவர் வயதுக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார். மூவரும் பையிலிருந்து கல்லூரி ஐடி கார்டை எடுத்து நீட்டினார்கள். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், "இதுல டேட் ஆஃப் பர்த் இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் போனில் வைத்திருந்த ஆதார் படத்தைக் காட்டினார்கள். அது போதும் என்றார். மூன்றாவது பெண் ஆம்பூரிலிருந்து வந்து இங்கே பெங்களூரில் பி.ஜி.யில் தங்கிப் படிப்பவள். அவள் கையில் கல்லூரி அட்டையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒருத்தியை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போக மனம் வராமல் மூவரும் திரும்பிவிட்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அண்ணன் மகளுக்கு இன்னும் கோபம் தணியவில்லை. "காலேஜ்ல படிக்கிறோம்னாலே பதினெட்டு ஆயிருக்கும்னு தெரியாதா சித்தப்பா?" என்றாள்.

தெரியாதுதான். கர்நாடகத்தில் பி.யு.சி. முடித்துப் பட்டப் படிப்பில் சேரும் பிள்ளைகளில் பலருக்குச் சேரும் நாளில் பதினேழு முடிந்திருக்கும், பதினெட்டு முடிந்திருக்காது. ஆனால் அவளிடம் அதைச் சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாசலில் ஏற்கப்பட்ட ஆதாரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 24 அன்று என்ன சொன்னது என்பது நினைவுக்கு வந்தது: ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது. நீதிமன்றம் சான்று ஆகாது என்ற அட்டை வாசலைத் திறக்கிறது. முதல்வர் கையொப்பமும் கல்லூரி முத்திரையும் உள்ள அட்டை திறக்கவில்லை. இரண்டில் எது, யாருடைய வயதுக்கு, எந்த அளவுக்குச் சாட்சி? இதைத் தேடிப் போனபோது வழி கல்லூரியில் நிற்கவில்லை. பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டருக்கும், அங்கிருந்து என் அம்மாவின் காதுக்கும் கொண்டுபோய் விட்டது.

மாலை நேரங்களில் ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சுற்றி நடக்கும்போது கழுத்தில் டேக்கோடு போகும் மாணவர்களைப் பார்க்கலாம். அந்த அட்டையில் பொதுவாக இருப்பவை: பெயர், படம், பதிவு எண், படிப்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை செல்லும் என்பது, இரத்தப் பிரிவு, பெற்றோரின் போன் எண், முதல்வரின் கையொப்பம். பிறந்த தேதி சில கல்லூரி அட்டைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இரத்தப் பிரிவை மறக்காமல் போடும் கல்லூரிகள் பிறந்த தேதியை விட்டுவிடுவதற்குக் காரணம் அலட்சியம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அட்டை எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைக்கு வயது தேவையில்லை. "இந்த முகம் எங்கள் மாணவருடையது, இந்த ஆண்டு வரைக்கும்" என்பதுதான் அது சொல்ல வந்த செய்தி. கேட்டிலும் நூலகத்திலும் தேர்வுக் கூடத்திலும் அது போதும்.

இந்த ஒரு செய்திக்கு வெளியிலும் மதிப்பு இருக்கிறது. முன்பதிவு செய்த ரயில் பயணத்தில் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியோ கல்லூரியோ வழங்கிய, படத்துடன் கூடிய மாணவர் அட்டையை டிக்கெட் பரிசோதகர் ஏற்கிறார். ஏனென்றால் அவருக்கு வேண்டியது டிக்கெட்டில் உள்ள பெயரும் எதிரில் இருக்கும் முகமும் ஒன்றுதானா என்பது மட்டும். பாஸ்போர்ட்டுக்குத் தட்கலில் விண்ணப்பிப்பவர் அடையாளத்துக்காகக் காட்டக்கூடிய ஆவணங்களிலும் மாணவர் அட்டை உண்டு. பிறந்த தேதிக்கான ஆவணங்களின் பட்டியலில் அது இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாகத் தேர்தல் ஆணையம் அனுமதித்த 12 ஆவணங்களிலும் அது இல்லை. முதல் முறை வாக்களிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோதான் தேட வேண்டியிருந்தது.

சாட்சிச் சட்டத்தின் பாஷையில் சொன்னால், ஒரு மாணவர் தன்னிடம் படிக்கிறார் என்பதற்குக் கல்லூரி நேரடிச் சாட்சி. அவர் எப்போது பிறந்தார் என்பதற்குக் கல்லூரி கேட்டுச் சொல்பவர் மட்டுமே. 1988-இல் ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேட்பாளர் இருவருக்கு 25 வயது நிரம்பியதா என்பது அங்கே கேள்வி. பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி இருந்தால் மட்டும் போதாது, அதை எழுதச் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்பது தெரியாவிட்டால் அந்தப் பதிவுக்குச் சான்று மதிப்பு இல்லை என்றது நீதிமன்றம். பள்ளிப் பதிவேட்டுக்கே இந்தக் கதி என்றால், அதிலிருந்து மூன்று கை மாறி வந்த கல்லூரி அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டைப் பார்த்து எழுதுகிறது. தேர்வு வாரியம் பள்ளி அனுப்பிய பட்டியலைப் பார்த்து எழுதியது. பள்ளி, டி.சி.யையோ முதல் அட்மிஷன் ரிஜிஸ்டரையோ பார்த்தது. அந்த ரிஜிஸ்டரில் முதன்முதலாகத் தேதியை எழுதிய பேனா எதைப் பார்த்து எழுதியது என்பதுதான் கேள்வி.

என் அம்மாவின் விஷயத்தில் அது எதையும் பார்த்து எழுதவில்லை. பள்ளியில் சேரும் வயது வந்துவிட்டதா என்று பார்க்க, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்துக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டார்.

அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். "சுதந்திரம் வந்தப்போ நான் கைக்குழந்தை" என்பதுதான் வீட்டில் அவர் வயதுக்கு இருந்த கணக்கு. தமிழ்க் குடும்பங்களில் வயது இப்படித்தான் நினைவில் இருந்தது: புயல் அடித்த வருஷம், பெரிய மாமாவுக்குக் கல்யாணம் ஆன மாசம், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். நட்சத்திரமும் மாதமும் தெரியும், ஆங்கிலத் தேதி தெரியாது. பள்ளிக்கூடத்துக்குத் தேவைப்பட்டதோ ஆங்கிலத் தேதி. ஜூனில் பள்ளி திறக்கும். சேர வந்த பிள்ளைக்கு ஐந்து வயது என்று தலைமை ஆசிரியர் முடிவுசெய்தால், அன்றிலிருந்து ஐந்து ஆண்டு பின்னால் எண்ணி ஜூன் 1 என்று போட்டுவிடுவார். நம் தாத்தா பாட்டி காலத்து ஆவணங்களை எடுத்துப் பாருங்கள், ஜூன் 1-இல் பிறந்தவர்கள் எவ்வளவு பேர் என்று. அம்மாவுக்கு 1-6-1945 என்று போட்டார்கள். அம்மாவுக்குக் கை நீளம்.

திருமணமாகி இந்தப் பக்கம் வந்து, பெங்களூரில் ஆசிரியராக வேலை செய்து, 2003 மே 31 அன்று 58 வயது நிறைந்ததாகக் கணக்கிடப்பட்டு ஓய்வுபெற்றார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. ஆக அந்தக் கற்பனைத் தேதி ஒன்றாம் தேதியாக இருந்ததற்கும் ஒரு விலை இருந்தது. ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்புதான் ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் வந்தது. அதில் பிறந்த நாள் 1947 பிப்ரவரி. ஏறக்குறைய இருபது மாத வித்தியாசம். கர்நாடகத்தில் அரசு ஊழியர் வயது நிர்ணயச் சட்டம் 1974-இலிருந்து இருக்கிறது. வயதைத் திருத்த வேண்டுமென்றால் அது ஏற்கப்பட்ட மூன்று ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டு. அம்மா அதைப் பற்றி யாரிடமும் போய் நிற்கவில்லை. டேவிஸ் ரோட்டில் உள்ள ஹோலி கோஸ்ட் ஆலயத்துக்கு ஞாயிறு பூசைக்குப் போகும்போது மட்டும், பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றுவார்.

இப்படித் தோராய வயதோடு இருந்தவர் அம்மா மட்டும் இல்லை. எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பெயர் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடமிருந்து வந்தது. கன்டோன்மென்ட் பகுதிக்கு, அதாவது அன்றைய சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனுக்குக் கலெக்டராக இருந்தவர், 1909-இல் மிதிக் சொசைட்டியைத் தொடங்கியவர், 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியரை எழுதியவர். மனிதர்களை எண்ணியும் வகைப்படுத்தியும் எழுதிவைப்பதைத் தொழிலாகக் கொண்ட தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் மக்கள்தொகைக் கணக்குகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: இந்தியர்களின் வயதுகள் 20, 25, 30, 35, 40 என்று ஐந்திலும் சுழியிலும் வந்து குவிந்துகிடக்கும். 31 வயதுக்காரர்களும் 29 வயதுக்காரர்களும் நாட்டிலேயே அருகிப்போனவர்கள் போலத் தோன்றும். இந்தக் குவியலை அளப்பதற்கு மக்கள்தொகை ஆய்வாளர்கள் விப்பிள் குறியீடு என்ற அளவையை வைத்திருக்கிறார்கள். 100 என்றால் குவியலே இல்லை, 500 என்றால் எல்லோரும் ஐந்தின் மடங்கில்தான் வயது சொல்கிறார்கள். மக்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. வயதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய தேவையே அதுவரை யாருக்கும் வந்திருக்கவில்லை.

அந்தத் தேவையைக் கொண்டுவந்தவை பள்ளியும் பல்கலைக்கழகமும் அரசு வேலையும். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கின. மெட்ரிகுலேஷன் விண்ணப்பத்தில் வயதைக் கேட்டார்கள். அந்த ஒரு கட்டத்தை நிரப்பியதால் வந்த வழக்குதான், எனக்குத் தெரிந்தவரை, மாணவர் ஆவணமும் வயதுச் சான்றும் மோதிக்கொண்ட முதல் பெரிய இந்திய வழக்கு.

சுரேந்திரநாத் பானர்ஜி 1848 நவம்பர் 10-இல் பிறந்தவர். 1863-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியபோது வயது 16 என்று எழுதினார். 1869-இல் லண்டனில் ஐ.சி.எஸ். தேர்வில் வென்றார். அதற்கு உச்ச வயது வரம்பு 21. பல்கலைக்கழகப் பதிவின்படி பார்த்தால் அவர் வரம்பைத் தாண்டியிருந்தார், தேர்வாணையரிடம் கொடுத்த சான்றின்படி தாண்டவில்லை. அவர் பெயரையும் ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர் என்ற இன்னொருவர் பெயரையும் தேர்ச்சிப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பானர்ஜி சொன்ன விளக்கம் நம் வீடுகளில் இன்றும் புழங்குவது: எங்கள் கணக்கில் நடக்கிற வயதைத்தான் வயது என்போம், முடிந்த வயதை இல்லை. 1863-இல் அவருக்குப் பதினைந்து நிறைந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. லண்டன் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றம்வரை போனார், ஆணையர்கள் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "பதினாறு முடிஞ்சு பதினேழு நடக்குது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்தில் இரண்டு வயது இருக்கிறது. படிவத்திலோ கட்டம் ஒன்றுதான்.

அந்த வழக்கு நடந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும் நாட்டின் தரைப்படைத் தளபதியே இதே சிக்கலில் நின்றார். ஜெனரல் வி. கே. சிங்கின் மெட்ரிகுலேஷன் சான்றிதழில் பிறந்த தேதி 1951 மே 10. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு 1965-இல் எழுதிய விண்ணப்பத்தில் 1950. படைத் தலைமையகத்தின் இரண்டு பிரிவுகள் பல பதிற்றாண்டுகளாக இரண்டு தேதிகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டிருந்தன. 2012 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தில் அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது நிரப்பிய ஒரு கட்டம் அவர் பணியை முடித்துவைத்தது.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று 20 வயதை ஒட்டி நிற்கும் கல்லூரி மாணவர்கள் பிறந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 2005-06-இல் எடுத்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்புப் பதிவானவர்கள் 41 சதவீதம்தான். 2019-21-இல் வந்த ஐந்தாவது ஆய்வில் இது 89 ஆக உயர்ந்துவிட்டது, மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த 41 சதவீதத் தலைமுறைதான் இப்போது கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நிலைமை நாட்டின் சராசரியைவிட நன்றாகவே இருந்தது. என்றாலும் பெங்களூரின் கல்லூரிகளுக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இன்றும் வயதுக்கு முதல் சாட்சி தலைமை ஆசிரியரின் பேனாதான்.

ஆதார் இந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டியது. நிரப்பவில்லை. ஆதாரில் பிறந்த தேதி மூன்று வகையாகப் பதிவாகும்: ஆவணம் பார்த்துச் சரிபார்த்தது, கேட்டவர் சொன்னதை அப்படியே எழுதியது, தோராயமானது. அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாசல்காரருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. 2017-இல் ஹரித்வாரை அடுத்த ஒரு கிராமத்தில் நூற்றுக்கணக்கான குடும்பத்தாருக்கு ஆதாரில் ஜனவரி 1 பிறந்த நாளாக விழுந்திருப்பது செய்தியானது. தலைமை ஆசிரியரின் ஜூன் 1, கணினியின் ஜனவரி 1 ஆகிவிட்டது. மேலே சொன்ன 2024 தீர்ப்பும் அப்படி ஒரு தேதியைப் பற்றியதுதான். விபத்தில் இறந்த ஒருவருக்கு இழப்பீடு எவ்வளவு என்பது வழக்கு. ஆதாரில் ஜனவரி 1, 1969 என்று இருந்தது, அதன்படி வயது 47 என்று உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பள்ளி விடுப்புச் சான்றிதழ்படி 45. இழப்பீட்டைக் கணக்கிடும் பெருக்கல் எண் 45-க்கு 14, 47-க்கு 13. உச்ச நீதிமன்றம் பள்ளிச் சான்றையே எடுத்துக்கொண்டது. ஆதார் ஆணையமே 2023-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், இது அடையாளத்துக்கு மட்டும், பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று சொல்லியிருந்ததையும் தீர்ப்பு சுட்டியது. 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது.

இங்கே ஒரு வட்டம் உருவாகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அபார் என்ற 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. அதற்கு ஆதார் விவரமும் பள்ளி விவரமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருத்துகிறார்கள். ஆதாரில் தேதியைச் சரிசெய்ய மார்க்ஸ் கார்டு, மார்க்ஸ் கார்டில் எழுத ஆதார். ஒரே தேதி நான்கு ஆவணத்தில் இருப்பதால் நான்கு சாட்சி என்று தோன்றும். உண்மையில் ஒரே சாட்சியின் நான்கு நகல்.

சட்டங்களும் ஒரே திசையில் பேசவில்லை. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 94-ஆம் பிரிவு வயதைத் தீர்மானிக்க ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. தொட்டிலைவிடப் பள்ளிக்கூடத்தை முன்னால் வைத்த வரிசை இது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., இந்தப் பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எலும்புப் பரிசோதனையோ, இரண்டு ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் குறித்துவைத்த ஒன்று. பதினாறா பதினெட்டா என்று கேட்கும் இடத்தில் இரண்டு ஆண்டு என்பது ஒருவருடைய வாழ்க்கை முழுவதும்.

மறுபுறம், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2023 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆவணம். இது சரியான திசை என்றே நினைக்கிறேன். பிறந்ததற்குச் சாட்சி பிறப்பின் அருகில் இருந்தவர்களிடமிருந்து வர வேண்டும். ஆனால் அந்தக் குழந்தைகள் கல்லூரிக்கு வர 2041 ஆகிவிடும். அதுவரை இப்போதைய கலவையோடுதான் வாழ வேண்டும். பதிவாகாமல் விடுபடும் பத்தில் ஒரு குழந்தை யாருடைய குழந்தை என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் குழந்தை அது. ஓராண்டு கடந்துவிட்டால் பதிவுக்கு நடுவர் நிலை அதிகாரியின் உத்தரவு வேண்டும். நாள் கூலியை விட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க முடியும்?

வாசலில் நிற்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் மது வாங்க வயது என்ன என்று கேட்டால் சட்டமே இரண்டு பதில் சொல்லும். 1965-இன் கலால் சட்டத்தின் 36-ஆம் பிரிவு 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதைத் தடுக்கிறது. 1967-இன் விதிகள் 21 என்கின்றன. 2023 ஜனவரியில் விதியை 18 ஆக்க வரைவு வெளியிட்டார்கள், எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் திரும்பப் பெற்றார்கள். புகையிலைக்கு மத்தியச் சட்டத்தில் 18. கர்நாடகம் 2024-இல் கொண்டுவந்து 2025-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தத்தில் 21. வாங்குபவர் சிறுவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது என்று புகையிலை விதி சொல்கிறது, சந்தேகம் வந்தால் வயதுக்குச் சான்று கேட்கலாம் என்றும் சொல்கிறது. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதற்கு முன் அவன் மது அருந்திய இடங்களில் வயதை யாரும் கேட்கவில்லை. வாசலில் அட்டை கேட்பதை எரிச்சலாக மட்டும் பார்க்க அதன் பிறகு என்னால் முடியவில்லை. அண்ணன் மகளிடமும் இதைச் சொன்னேன். அந்தத் திரையரங்க ஊழியர் தன் வேலையைத்தான் செய்தார்.

பிரிட்டனில் இந்தப் பிரச்சினையைப் பிரித்துக் கையாண்டார்கள். அங்கேயும் சாதாரணப் பல்கலைக்கழக அட்டை வயதுச் சான்று ஆகாது. 2001 முதல் பாஸ் என்ற தேசிய வயதுச் சான்றுத் திட்டம் இருக்கிறது. ஆவணங்களைச் சரிபார்த்த பிறகே ஹோலோகிராம் முத்திரையோடு அட்டை கொடுப்பார்கள். மாணவர் சங்கத்தின் சலுகை அட்டையும் வேண்டுமென்றால் அந்த முத்திரையைப் பெறலாம், அதற்குத் தனியாக விண்ணப்பித்துச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். மாணவர் என்பதற்கு ஒரு சாட்சி, வயதுக்கு இன்னொரு சாட்சி, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்கில் இருந்தாலும் தனித்தனி.

நம் கல்லூரிகள் அட்டையில் பிறந்த தேதியை அச்சடிக்கத் தொடங்க வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அச்சடித்தாலும் அது கேட்டுச் சொன்ன தேதிதான், சான்று மதிப்பு கூடப்போவதில்லை. அதோடு, தேர்வு முடிவு பார்க்கும் இணையப் பக்கங்கள் பலவற்றில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும்தான் சாவி. இரண்டையும் ஒரே அட்டையில் போட்டு, பெற்றோர் போன் எண்ணையும் சேர்த்து, ஒரு இளம் பெண்ணின் கழுத்தில் தொங்கவிட்டு பஸ்ஸில் அனுப்புவது நியாயமா? வாசலில் நிற்பவருக்குத் தேவைப்படுவது "பதினெட்டு நிறைந்ததா" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை. அவருக்குப் பிறந்த நாளும் வேண்டாம், வீட்டு முகவரியும் வேண்டாம், ஆதார் எண்ணும் வேண்டாம். ஆம், இல்லை என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லும் ஏற்பாட்டைத் தொழில்நுட்பம் இன்று எளிதாகச் செய்யும். டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணத்துக்கு 2016 விதிகளின்படி மூல ஆவணத்துக்கு இணையான மதிப்பு உண்டு. வாரியம் நேரே பதிவேற்றிய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அங்கே இருக்கிறது. போனில் எடுத்து வைத்த ஆதார் போட்டோவைவிட அது நல்ல சாட்சி. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முதலாண்டு முதல் வாரத்தில் அரை மணி நேரம் போதும்.

கல்லூரிகள் செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கலாம். இல்லாதவர்களை விலக்குவதற்காக இல்லை. தாமதப் பதிவுக்கு எங்கே விண்ணப்பிப்பது, என்ன இணைப்பது என்று உதவுவதற்காக. பதினெட்டு வயதில் சரிசெய்தால் ஓரிரு பயணத்தோடு முடியும். நாற்பது வயதில் பாஸ்போர்ட்டுக்காகவோ, ஓய்வுபெறும்போதோ கண்டுபிடித்தால் என் அம்மாவைப் போல ஒரு மெழுகுவத்தி ஏற்றத்தான் முடியும்.

ஆம்பூர்ப் பெண் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரையரங்கில் நடந்ததைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருப்பதை அண்ணன் மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாள். "அங்கிள், எனக்கு பர்த் சர்டிஃபிகேட் இருக்கு. அம்மா அனுப்பினாங்க" என்று போனைக் காட்டினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அவள் பிறந்தது ஆம்பூரில் இல்லை, அம்மாவின் ஊரில். பிறந்த பத்தாம் நாள் தாத்தா போய்ப் பதிவு செய்திருக்கிறார், பெயர் வைப்பதற்கு முன்பே. அதன் பிறகு குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்கள், பெயரைச் சேர்க்க யாரும் திரும்பிப் போகவில்லை. பதிவிலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது.

சான்றிதழில் தேதி இருந்தது, பிறந்த மருத்துவமனை இருந்தது, அப்பா பெயரும் அம்மா பெயரும் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. அவள் கழுத்திலிருந்த கல்லூரி அட்டையைப் பார்த்தேன். அதில் பெயர் இருந்தது, முகம் இருந்தது, தேதி இல்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாத்தா ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம்.